சாதாவா, ஸ்பெஷலா? குடும்பக் காருக்கு ஏற்ற பெட்ரோல்

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பையன் டிப்ளமோவில் ஆட்டோமொபைல் சேர்ந்துட்டான் என்று தெரிந்தால் போதும். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும். “ஏந்தம்பி, நீ ஆட்டோமொபைலு தானே படிக்கிறே? நம்ம வண்டிக்கு சாதா பெட்ரோலு போடறதா, ஸ்பெஷல் போடறதா? புதுசா எத்தனால் கலக்கறாங்களாமே, இன்ஜின் போயிருமா?” மெக்கானிக்கல் படிப்பவருக்கும் இது தப்பாது. ஏன், சிவில் படிக்கிற நண்பரையும் விட மாட்டார்கள்.

“விலை அதிகமுள்ளதைப் போடுங்க மாமா, நல்லா இருக்கும்” என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் அந்தக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வீண் செலவு ஆகலாம். “எதைப் போட்டாலும் ஒண்ணுதான்” என்று சொன்னாலோ, பழைய காரில் ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டு பெட்ரோல் ஒழுகும்வரை யாரும் கவனிக்காமல் போகலாம். ஆகவே டிப்ளமோ படித்தவன் சொல்லும் பதிலுக்குக் காரணமும் கணக்கும் இருக்க வேண்டும். சரியான பெட்ரோல் எது என்பதை முடிவு செய்வது விலையும் விளம்பரமும் அல்ல; இன்ஜினின் அமுக்க விகிதமும், வண்டி தயாரான வருஷமும்தான். அது எப்படி என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

நம் பங்குக்கு பெட்ரோல் வரும் வழி

மதுக்கரையிலிருந்து வாளையாறு தாண்டினால் கேரளா. அங்கே கொச்சியில் 1966-ல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. இன்று அது பாரத் பெட்ரோலியத்தின் வசம். அந்த ஆலையிலிருந்து கோவை வழியாகக் கரூர் வரை 292 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் பாதை 2002 முதல் ஓடுகிறது. கோவையில் அது வந்து சேரும் இடம் இருகூர். அங்குள்ள டெர்மினலில் இருந்துதான் டேங்கர் லாரிகள் நம் பங்குகளுக்குக் கிளம்புகின்றன.

இதில் கவனிக்க இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, எண்ணெய் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று சரக்கைப் பகிர்ந்து கொள்வது நீண்ட நாள் வழக்கம். ஒரு கம்பெனி போர்டு மாட்டிய பங்கில் விற்கும் பெட்ரோல் அந்தக் கம்பெனியின் ஆலையில்தான் பிறந்தது என்று சொல்ல முடியாது. எல்லாமே இந்தியத் தர நிர்ணயக் குழுவின் ஒரே அளவுகோலுக்கு உட்பட்டது. “அந்தக் கம்பெனி பெட்ரோலுதான் பிக்கப் தரும்” என்று டீக்கடையில் நடக்கும் சண்டைக்கு அடிப்படை அவ்வளவுதான். வித்தியாசம் வருவது பின்னால் சேர்க்கும் கழுவும் மருந்திலும், பங்க்காரர் தொட்டியைப் பராமரிக்கும் விதத்திலும்.

இரண்டாவது, எத்தனாலை டெர்மினலில் கலந்து லாரியில் ஏற்றுகிறார்கள். நீண்ட குழாயில் கலந்து அனுப்புவதில்லை. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் உள்ளது என்பதே காரணம். அந்தக் குணத்தை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆக்டேன் என்பது சக்தி அல்ல

பங்கில் 91, 95, 97, 100 என்று நம்பர் எழுதியிருப்பார்கள். நம்பர் கூடினால் சக்தி கூடும் என்பது பரவலான நம்பிக்கை. நம் வகுப்பிலேயே பாதிப்பேர் முதல் வருஷத்தில் இப்படித்தான் நினைத்தோம்.

ஓட்டோ சுழற்சியை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அமுக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. தீச்சுடர் பிளக்கிலிருந்து கிளம்பி, அடுக்கடுக்காகப் பரவி, பிஸ்டனை ஒரே சீராகத் தள்ள வேண்டும். சுடர் போய்ச் சேருவதற்கு முன்பே, மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே பற்றிக் கொண்டால் என்ன ஆகும்? தள்ளுவதற்குப் பதில் சுத்தியலால் அடித்த மாதிரி ஆகிவிடும். “கிணுகிணு”வென்று சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளைத் தகர டப்பாவில் போட்டு ஆட்டின மாதிரி ஒரு சத்தம் வரும். மெக்கானிக் அண்ணன்கள் “இன்ஜின் நாக் அடிக்குது” என்று சொல்வது இதைத்தான். தொடர்ந்து இப்படி அடித்தால் பிஸ்டன் தலை அரிக்கும், ரிங் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

இந்தத் தானாகப் பற்றும் குணத்தை எவ்வளவு தூரம் ஒரு பெட்ரோல் தாங்கும் என்பதன் அளவே ஆக்டேன் எண். 1920-களில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இதற்கு ஒரு அளவுகோல் கொடுத்தார். நாக்கிங்கை நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100, துளியும் தாங்காத நார்மல் ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோல் 91 ஆக்டேன் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு இதுவும் தாங்கும் என்று அர்த்தம். அந்தப் பெட்ரோலுக்குள் அவ்வளவு ஆக்டேன் இருக்கிறது என்று அர்த்தமில்லை!

ஆகவே ஆக்டேன் என்பது பொறுமையின் அளவு. கோபக்காரன், பொறுமைசாலி இருவருக்கும் பலம் ஒன்றாகவே இருக்கலாம். ஒருவன் சொன்ன நேரத்தில் வேலை செய்வான், இன்னொருவன் சொல்லும் முன்பே குதித்துவிடுவான். வித்தியாசம் அங்கேதான்.

அமெரிக்காவில் 87, இங்கே 91: ஏன்?

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் லீவுக்கு வந்தால், “எங்க ஊர்ல 87 தான் சாதா, அதுலயே வண்டி பறக்குது” என்பார். இந்தியப் பெட்ரோல் அமெரிக்கப் பெட்ரோலைவிட உசத்தி என்று நாம் நினைத்துவிடக் கூடாது. அளக்கும் முறை வேறு, அவ்வளவே.

அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜின் ஒன்று உண்டு. அதை நிமிஷத்துக்கு 600 சுற்றில், லேசான நிலையில் ஓட்டி அளப்பது ரிசர்ச் ஆக்டேன். 900 சுற்றில், கலவையை நன்றாகச் சூடாக்கி, கடுமையான நிலையில் அளப்பது மோட்டார் ஆக்டேன். இரண்டாவது எண் எப்போதும் குறைவாகவே வரும். நம் நாட்டு பங்குகளில் சொல்வது ரிசர்ச் எண். அமெரிக்காவில் எழுதுவது இரண்டின் சராசரி. எனவே அவர்கள் 87-ம் நம் 91-ம் ஏறத்தாழ ஒன்றே. வெளிநாட்டு கார் புத்தகத்தைப் படிக்கும்போது எந்த முறை என்று பார்க்காமல் நம்பரை மட்டும் ஒப்பிடக் கூடாது. தேர்வில் அலகு எழுதாமல் விடை எழுதிய கதை ஆகிவிடும்.

ஈயம் வந்ததும் போனதும்

1921-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தை மிகச் சிறிதளவு சேர்த்தாலே நாக்கிங் அடங்குவதைக் கண்டுபிடித்தார். மலிவான வழி. உலகமே பிடித்துக் கொண்டது. ஆனால் ஈயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புகைக் குழாயில் வைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் பிளாட்டினப் பூச்சையும் ஈயம் செயலிழக்கச் செய்துவிடும்.

நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. உலகத்தில் கடைசியாக 2021-ல் அல்ஜீரியாவும் நிறுத்தியது. நம் அண்ணன்மார் படித்த 90-களில் சாதா பெட்ரோல் 87 ஆக்டேன். பாரத் ஸ்டேஜ் 2 காலத்தில் 88 ஆனது, பிறகு 91. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது கந்தகத்தின் அளவும் 50 பி.பி.எம்-மிலிருந்து 10 பி.பி.எம். ஆகக் குறைந்தது. ஆக, அப்பாவின் காலத்தில் ஸ்பெஷலாக இருந்த தரம் பெரும்பாலும் இன்றைய சாதாவிலேயே வந்துவிட்டது. “அந்தக் காலத்துல நான் பிரீமியம்தான் போடுவேன்” என்று பெரியவர்கள் சொல்வது அன்றைக்கு நியாயம். இன்றைக்கும் அதே நியாயம் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

கம்ப்ரஷன் ரேஷியோவைப் பாருங்கள்

1200 சி.சி., நான்கு சிலிண்டர் கார் ஒன்றை எடுத்துக் கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. பிஸ்டன் மேலே முட்டி நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 30 சி.சி. என்றால், அமுக்க விகிதம் (300 + 30) ÷ 30 = 11. அந்த மிச்ச இடம் 43 சி.சி. என்றால் விகிதம் ஏறத்தாழ 8.

தெர்மல் பேப்பரில் படித்த சூத்திரத்தைப் போட்டால், ஏட்டுக் கணக்கில் 8-க்கு 56.5 சதவீதமும் 11-க்கு 61.7 சதவீதமும் திறன் வரும். நிஜ இன்ஜினில் இதைவிட மிகக் குறைவுதான். ஆனால் போகும் திசை அதுவே. விகிதம் கூடினால் மைலேஜும் இழுவையும் கூடும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் விகிதத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். விகிதம் கூடினால் சூடும் அழுத்தமும் கூடும். அப்போது பொறுமைசாலிப் பெட்ரோல் தேவைப்படும். ஆக்டேனும் சக்தியும் சந்திக்கும் இடம் இதுதான்: ஆக்டேன் சக்தி தருவதில்லை, சக்தி தரும் இன்ஜினைக் கட்ட அனுமதிக்கிறது.

இதிலிருந்து விடை வருகிறது.

1. அமுக்க விகிதம் 10, 11 உள்ள சாதாரண குடும்ப செடான், புத்தகத்தில் “91 ஆக்டேன் அல்லது அதற்கு மேல்” என்று போட்டிருந்தால், சாதா பெட்ரோலே சரி. 97 போட்டாலும் இன்ஜினுக்கு அது தெரியப் போவதில்லை. பத்து கிலோ தூக்கும் பையைக் கடைக்காரர் கொடுக்கிறார், நாம் இரண்டு கிலோ தக்காளிதான் வாங்குகிறோம், அந்தக் கதை.

2. டர்போ வைத்த இன்ஜின், அல்லது புத்தகத்திலேயே 95 கேட்கும் இன்ஜின் என்றால் கேட்டதைக் கொடுங்கள். இந்த வண்டிகளில் நாக் சென்சார் இருக்கும். நாக்கிங் ஆரம்பித்தவுடன் ஈ.சி.யு. பொறி விடும் நேரத்தைத் தாமதப்படுத்தி இன்ஜினைக் காப்பாற்றும். ஆனால் அந்தத் தாமதத்தால் இழுவையும் மைலேஜும் குறையும். இங்கேதான் உயர்ந்த ஆக்டேன் காசுக்கு ஏற்ற வேலை செய்யும்.

3. சாதாவில் நன்றாக ஓடின பழைய வண்டி திடீரென நாக் அடித்தால், உடனே ஸ்பெஷலுக்குத் தாவ வேண்டாம். உள்ளே கரி படிந்து மிச்ச இடம் சுருங்கியிருக்கலாம். பிளக் தப்பான வகையாக இருக்கலாம். ரேடியேட்டர் அடைத்து இன்ஜின் சூடாகலாம். டைமிங் தவறியிருக்கலாம். ஸ்பெஷல் போட்டால் சத்தம் அடங்கும், நோய் அடங்காது.

இன்னொரு சங்கதி. ஸ்பெஷல் பெட்ரோலில் இன்ஜெக்டரையும் வால்வையும் கழுவும் மருந்து கூடுதலாக இருக்கும். இது உண்மையான பயன்தான். ஆனால் பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்டேக் வால்வின் மீது பெட்ரோல் படுவதே இல்லை. படாத இடத்தை மருந்து எப்படிக் கழுவும்?

பாக்கெட் கணக்கு

மதுக்கரையில் ஒரு குடும்பம். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் செடான். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர், 800 லிட்டர். ஸ்பெஷல் லிட்டருக்கு ரூ.8 கூடுதல் என்று வைத்துக் கொண்டால் வருஷத்துக்கு ரூ.6,400. அந்தப் பணத்தில் ஒரு சர்வீஸ் செய்து, ஏர் ஃபில்டரும் பிளக்கும் மாற்றலாம். மைலேஜுக்கு இவை உதவலாம்.

சாதா லிட்டர் ரூ.100 என்றால், ஸ்பெஷல் போட்ட காசு திரும்ப வர மைலேஜ் 8 சதவீதம் கூட வேண்டும். அதாவது 15 என்பது 16.2 ஆக வேண்டும். கூடுகிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். ஒரே பங்கில், பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்துக் கொள்ளுங்கள். டயர் காற்றை ஒரே அளவில் வையுங்கள். சாதாவில் மூன்று டேங்க், ஸ்பெஷலில் மூன்று டேங்க், அதே பாதையில் அதே ஓட்டுநர். ஒரு டேங்க் மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. உக்கடம் டிராஃபிக்கில் ஒருநாள் மாட்டினால் கணக்கே மாறிவிடும். கடைசி வருஷ பிராஜக்டுக்கு விஷயம் தேடுகிறவர்கள் இதையே எடுக்கலாம், செலவும் குறைவு.

எத்தனால்: பயமும் உண்மையும்

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். 2003-ல் ஒன்பது மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியது. 2022-ல் நாட்டின் சராசரி 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6-ந் தேதி பெங்களூருவில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமானது. 2025-ல் அதுவே நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் தனியாக விற்க வேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்தது. ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு எத்தனால் வேண்டுமா, வேண்டாமா என்று தேர்வு செய்யும் வாய்ப்பு இல்லை. வண்டியை அதற்கு ஏற்றவாறு வைத்துக்கொள்வதுதான் நம் கையில் உள்ளது.

முதலில் மைலேஜ். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகா ஜூல் சக்தி உண்டு. எத்தனாலில் சுமார் 21. கணக்குப் போடுவோம்:

கலப்பே இல்லாத பெட்ரோல்: 32
10 சதவீதக் கலப்பு: 28.8 + 2.1 = 30.9
20 சதவீதக் கலப்பு: 25.6 + 4.2 = 29.8

கலப்பில்லாததோடு ஒப்பிட்டால் 20 சதவீதக் கலப்பில் ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. பல வருஷம் ஓட்டிய 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் சுமார் 3.5 சதவீதம் குறைவு. 15 கொடுத்த வண்டி 14.5 கொடுத்தால் அது இயல்பு. அரசின் நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும் பழைய நான்கு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றும், 20 சதவீதத்துக்கு ஏற்ப அமைத்த வண்டிகளில் 1 முதல் 2 சதவீதம் மட்டுமே குறையும் என்றும் சொன்னது. ஆகவே “மைலேஜே குறையாது” என்பவரும் சரியில்லை, “பாதியாகிவிட்டது” என்பவரும் சரியில்லை. பாதியானால் வேறு கோளாறு இருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நல்ல பக்கமும் உண்டு. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கும் மேல். அதனால் 20 சதவீதக் கலப்பின் ஆக்டேன் 95 என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொல்லியிருக்கிறது. இதன் பொருளைக் கவனியுங்கள் நண்பர்களே! 95 வேண்டும் என்பதற்காக மட்டும் ஸ்பெஷலுக்குக் காசு கொடுத்து வந்தவர், சாதாவிலேயே அதை வாங்குகிறார். சாதாவா ஸ்பெஷலா என்ற கேள்வியின் பாரம் பாதி இங்கே இறங்கிவிடுகிறது.

அடுத்து, வண்டியின் உடம்பு. எத்தனால் சில வகை ரப்பரை ஊறவைத்துத் தளரச் செய்யும், சில உலோகங்களை அரிக்கும். 2023 ஏப்ரல் முதல் 20 சதவீதத்தைத் தாங்கும் பொருட்களாலும், 2025 ஏப்ரல் முதல் இன்ஜினே அதற்கு ஏற்ப அமைக்கப்பட்டும் வண்டிகள் வர வேண்டும் என்பது அரசின் திட்டம். எனவே ஆர்.சி.-யில் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். டேங்க் மூடியின் உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் தயாரிப்பு ஆண்டைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

பழைய வண்டிக்குச் செய்ய வேண்டியவை:

1. டேங்கிலிருந்து இன்ஜின்வரை உள்ள பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கெட் ஆகியவற்றை ஒவ்வொரு சர்வீஸிலும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொழகொழ என்றோ, விரிசலோ இருந்தால் எத்தனாலைத் தாங்கும் வகையைப் போட்டு மாற்றுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சூடான இன்ஜின் மேல் ஒழுகும் பெட்ரோல் உயிர் விஷயம்.

2. எத்தனால் பழைய டேங்கின் அடியில் படிந்த அழுக்கைக் கிளப்பிவிடும். அதனால் ஃபில்டரை ஒருமுறை சீக்கிரமே மாற்றுங்கள்.

3. வண்டியை மாதக் கணக்கில் நிறுத்திவைக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஆடி மாதத்தில், பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கிவிடும். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். வாரம் ஒருமுறையாவது நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள்.

4. கார்புரேட்டர் வைத்த பழைய கார் என்றால் தனிக் கவனம் வேண்டும். பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து ஈ.சி.யு. சரிசெய்துவிடும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஜெட்டையும் டியூனிங்கையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பங்கில் உங்கள் உரிமை

எந்தப் பெட்ரோல் என்று யோசிப்பவர்கள் எந்த பங்க் என்று யோசிப்பதில்லை. விற்பனை வேகமாக இருக்கும் பங்கில் சரக்கு பழசாகாது. நம்ம பைபாஸ் ரோட்டுப் பங்குகளில் தினமும் லோடு இறங்குகிற இடமாகப் பாருங்கள். மழை வெள்ளம் தேங்கிய பங்கில் அடுத்த நாளே போய் நிரப்பாதீர்கள்.

சந்தேகம் வந்தால் வாடிக்கையாளர் கேட்கலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஃபில்டர் பேப்பர் சோதனை: நாசிலை ஈரமில்லாமல் துடைத்து, ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு நிமிஷத்தில் ஆவியாகிவிட வேண்டும். எண்ணெய்க் கறை நின்றால் கலப்படம் இருக்கலாம்.

அடர்த்தி: ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் பங்கில் இருக்க வேண்டும். 15 டிகிரிக்கு மாற்றிய அளவு, லாரி ரசீதில் உள்ளதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. மாற்றும் அட்டவணையைப் படிக்க நமக்குத் தெரியும்தானே? லேப்பில் செய்த சோதனை வெளியே உதவும் இடம் இது.

அளவு: முத்திரையிட்ட 5 லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது.

கேட்கும்போது மரியாதையாகக் கேளுங்கள். வெயிலில் நின்று பெட்ரோல் போடுகிறவர் அந்த பங்கின் முதலாளி இல்லை.

கால் வைக்கும் விதமும் பெட்ரோல்தான்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தில் நாலாவது கியரிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினால் எந்த ஆக்டேனும் திணறும். குறைந்த சுற்றில் அதிகச் சுமை என்பதே நாக்கிங்குக்குப் பிடித்த நிலை. கியரைக் குறைத்து, சுற்றைக் கூட்டுங்கள், சத்தம் அடங்கும். ஊட்டி போல 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினில் நாக்கிங் வாய்ப்பும் அங்கே குறையும். “மலைக்குப் போறோம், ஸ்பெஷல் போடு” என்பது கேட்க நன்றாக இருக்கும். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை.

பழைய ஆட்கள் சிலர் டேங்கில் அந்துருண்டை போடுவார்கள். ஒருகாலத்து கைவைத்தியம். இன்றைய இன்ஜெக்டரின் துளை முடியைப் போன்றது. வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் “ஆக்டேன் பூஸ்டர்” பாட்டிலுக்கும், புத்தகம் கேட்காதவரை தேவையில்லை.

மாமா கேட்டால்

அடுத்த முறை பந்தியில் கேள்வி வரும்போது, பதில் சொல்வதற்கு முன் நாம் மூன்று கேள்வி கேட்போம். வண்டி எந்த வருஷம், எந்த மாதம் தயாரானது? ஓனர்ஸ் மேனுவலில் என்ன ஆக்டேன் போட்டிருக்கு? இன்ஜின் டர்போவா, சாதாவா?

91 கேட்கும் டர்போ இல்லாத வண்டி என்றால், “சாதாவே போடுங்க மாமா, மிச்சமாகிற காசுல ஹோஸையும் ஃபில்டரையும் பாருங்க.” 95 கேட்கும் வண்டி என்றால், “பங்கில் ஆக்டேன் நம்பரைக் கேட்டு 95-க்குக் குறையாம போடுங்க.” 2023-க்கு முந்தைய வண்டி என்றால், “இந்த வாரமே பானட்டைத் திறந்து காட்டுங்க, நானும் வர்றேன்.”

கடைசி வாக்கியம் முக்கியம். பானட்டைத் திறந்து ஹோஸைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் ஒருத்தன் இருந்தால், அவன் படித்த டிப்ளமோவுக்கு அந்த வீட்டிலேயே மதிப்பு வந்துவிடும்.